அஞ்சலை கொண்டுவந்த ஐஸ்

அந்த ஏஞ்சல் மீன்களைக் கொன்றவன் நான். வேலையை இழந்தவள் அஞ்சலை.

உங்களிடம் இதைச் சொல்லத் தொடங்கும் இடத்தில், நான் தோளில் பையோடு விழுப்புரம் சாலையில் கடற்கரைப் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறேன். ரெட்டியார்பாளையத்து வீடு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஆனாலும் ஓடுகிறவன் போல நடக்கிறேன்!

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், பரோட்டாக் கடை, லாட்ஜ்... எங்கும் கால் தரித்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு சொல்தா வீட்டில் காவலுக்குச் சேர்ந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். இவர் தனி ஆள். கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கறுப்புக் கோடு போட்ட ஏஞ்சல் ஜோடி, அவற்றின் குஞ்சுகள். காலையில் காபிக்கு முன்பே அவற்றுக்கு 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிடுவார்.

சமையலுக்கு வந்தவள்தான் அஞ்சலை. கடலோர மீனவக் குப்பமான வைத்திக்குப்பத்துக்காரி. ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் 'முசியே' என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். பள்ளி திறந்ததும் அவள் மகளைக் கான்வென்ட்டில் சேர்த்துவிடுவதாகச் சொல்தா வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு அவள் சீருடைத் துணிகூட எடுத்து வைத்துவிட்டாள்.

கத்திரி வெயில். காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது சொல்தா எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"தொட்டி மூடியை எடுத்துடு. ஃபேன் காத்து தண்ணி மேலயே அடிக்கணும். கண்ணாடியைச் சுத்தி ஈரக் கோணி. அப்பவும் சுட்டுச்சுன்னா பாட்டில்ல ஐஸை அடைச்சு மெதக்க வுடு. நேரா மட்டும் போட்டுடாதே!"

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க குப்பத்துல செத்த மீனுக்குத்தான் முசியே ஐஸு. இங்க உசுரோட இருக்கறதுக்கே ஐஸா!"

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஏன் இன்னும் மறக்கவில்லை...?

அவர் போன மறுநாளே மின்சாரம் நின்றது. விசிறி ஓடவில்லை, ஃபிரிட்ஜில் இருந்த ஐஸும் தண்ணீராயிற்று. கோணியை நனைத்து நனைத்துப் போட்டேன். பனைமட்டை விசிறியால் கை வலிக்க வீசினேன். தொட்டித் தண்ணீரில் விரலை வைத்தால் குளிக்கக் காய வைத்தது போலிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சர்பத்துக் கடைக்காரன் ஐஸ் தீர்ந்துவிட்டது என்று கைவிரித்தான்.

"இரு அண்ணே, நான் போயி எடுத்தாறேன்" என்று அஞ்சலை கிளம்பினாள்.

வைத்திக்குப்பம் போய், மீன் பெட்டிக்காக உடைத்து வைத்திருந்த ஐஸைக் கேட்டு வாங்கி, கோணியில் சுற்றி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. பஸ்ஸில் எல்லோரும் திட்டினார்களாம்.

"உப்பு கலந்த ஐஸுண்ணே இது. தூக்குவாளில போட்டு, இறுக்க மூடி மெதக்க வுடு. தண்ணில பட்டுடப் போவுது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அப்படியே செய்தேன். வாளி மிதந்தது. விரலை வைத்துப் பார்த்தேன்... சூடு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தேன்... அதே சூடு! குஞ்சுகள் இரண்டு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. காத்திருக்கத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஏன் ஊர் ஊராகத் திரிகிறேன்?

மூடியைத் திறந்து எல்லாவற்றையும் தொட்டியில் கவிழ்த்தேன்.

உடனே மீன்கள் கீழே இறங்கின. பிழைத்துவிட்டன என்று கத்தினேன்! வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பெரிய மீன்கள் இரண்டும் சுழல ஆரம்பித்திருந்தன. பொழுது சாயும்போது ஒன்றுகூட அசையவில்லை.

மறுநாள் காலையில் சொல்தா வந்தார். தொட்டி முன்னால் குனிந்தார். பிறகு தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு!" என்றார். "எங்கேர்ந்து வந்துச்சு இந்த ஐஸ்?"

"அஞ்சலைதான் கொண்டாந்துச்சு" என்றேன்.

கவனியுங்கள்... இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை!

அஞ்சலை அடுப்படி வாசலில் நின்றாள். "நான்தான் கொண்டாந்தேன் முசியே. ஆனா..."

"ஆனா கீனா வேணாம். மீன் கொழம்பா வைக்கச் சொன்னேன்? போ. இந்த வீட்டுப் பக்கம் வராதே. உன் பொண்ணு விஷயமா ஒருத்தர்கிட்டயும் நான் பேசமாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "சொல்லுண்ணே" என்றாள்.

நான் குனிந்து கோணியைப் பிழிந்தேன். ஏற்கெனவே காய்ந்திருந்த கோணி அது. அதையே பிழிந்துகொண்டிருந்தேன்... வாசற்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை.

அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டேன். சொல்தாவிடம் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? இந்திரா காந்தி சிலை வரும்வரை நானும் அதைத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு, அஞ்சலையிடமே போய்ச் சொல்லிவிடலாம் என்று மனதை மாற்றிக்கொண்டேன். அவள் வீட்டைத் தேடித்தான் வைத்திக்குப்பம் போனேன். போனவன் வீட்டைக் கேட்கவில்லை. படகு மறைவில் படுத்துவிட்டேன்.

விடியற்காலையில் ஐஸ் லாரி வந்தது. "சும்மாதான குந்தினுருக்க? ஐஸ் ஒடைப்பியா?" என்று லாரிக்காரர் கேட்டார். உடைப்பேன் என்றேன். வெளியூர் போகும் பெட்டிகளுக்குக் குளிர் கூடுவதற்காக உப்புக் கலந்து போட வேண்டும். உள்ளூரில் விற்கிறவர்களுக்கு வெறும் ஐஸ். அதுதான் வேலை.

ஐஸ் வாங்க வந்த பெண்கள் நடுவில் ஓர் அலுமினியக் கூடை என் முன்னால் நீண்டது. அடியில் கொஞ்சம் சங்கரா மீன். நிமிர்ந்தேன். அஞ்சலை.

உப்புச் சாக்கின் பக்கம் கையை நீட்டினேன்.

"எனுக்கு உப்பு வேணாம்ண்ணே" என்றாள். "இன்னிக்கே வித்துடுவேன்."

இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்! நான் ஐஸை அள்ளிப் போட்டேன். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். லாரிக்காரர் அடுத்த கட்டியை என் முன்னால் உருட்டிவிட்டார். நான் உடைத்தேன்.