ஒரே பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம்

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் திடீரென்று கல்வியாளர்கள் ஆனார்கள். காலை ஆறரைக்கு வேன் ஏறி, மாலையில் சோற்றுத் தட்டில் கை வைத்தபடியே அவள் தூங்கிப்போன நாட்களில் இவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சீர்காழியிலிருந்து வந்த என் அண்ணன் கேட்டார்: “நாலு புள்ளைங்களோட பழக வேணாமா? நாளைக்கு எப்படிம்மா பொழைக்கும்?”

அவர் மகன் ஊர்ப்பட்ட பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியில் இருக்கிறான். பழகுவதில் அப்படியொரு தேர்ச்சி. லீவுக்கு வந்தால் செல்போனை விட்டு நிமிர்ந்து “வாங்க அத்தை” என்றுகூடச் சொல்ல மாட்டான்.

என் பள்ளியில் தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, ஆயா எல்லாம் நானே. மாணவி ஒருத்தி. எல்லாத் தேர்விலும் அவளே முதலிடம். கேள்வி கேட்டு அவள் வாயை மூடுவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். அதற்குத் தனிக் கவனம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

சம்பா அறுவடை முடிந்து, ஒரத்தநாடு பக்கம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியிருந்தோம். கணவர் வேலைக்குப் போய்விட்டதால் காவலுக்கு நானும் மகளும். பள்ளி விட்டதும் மற்ற விவசாயிகளின் பிள்ளைகள் வந்து, ஆட்டத்துக்கு இவளையும் கூப்பிட்டார்கள். அண்ணனிடம் எவ்வளவு வாய் பேசினாலும், அவர் சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம் உள்ளே இருந்தது.

கண்ணாமூச்சி ஆட்டம். இவள்தான் தேட வேண்டும். கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு எண் பிசகாமல் நூறு வரை எண்ணினாள். பிறகு நேராக என்னிடம் நடந்து வந்தாள்.

“அம்மா, அவங்கல்லாம் எங்க ஒளிஞ்சிருக்காங்க?”

நான்தான் நல்ல ஆசிரியை ஆயிற்றே. யோசிக்காமல், தார்ப்பாய் மூடிய குவியலைத் தாடையால் காட்டினேன்.

அதன் பின்னாலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். “இது அழுகுணி ஆட்டம். அவங்கம்மா சொல்லிக் குடுக்குறாங்க. அவங்க இருந்தா நாங்க ஆட மாட்டோம்.”

மகள் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“அம்மா, நீ கொஞ்சம் ரோட்டுப் பக்கம் போயி உக்காருறியா?”

போய் உட்கார்ந்தேன். இதற்குத்தான் ஆசைப்பட்டேன் என்றாலும் திரும்பிப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஓட்டமும் சிரிப்புமாக இருந்தது. இருட்டும்வரை அவள் என்னிடம் எதுவும் கேட்க வரவில்லை.