கோணப்போகும் பீம்

மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த பீம், அதாவது உத்திரம், சுமை ஏறினால் எப்படிக் கோணும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. பீம் நேராக நிற்கும்வரை எங்களை யாரும் நம்பமாட்டார்கள். கோணிவிட்டால், முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்பார்கள். இதுபோன்ற வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பவரா நீங்கள்? நம் கூட்டம்தான், உட்காருங்கள்.

நூறு மடங்கு

கெலாங் பாத்தாவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் வேலு அண்ணன் புதிதாக ஸ்டோர் கட்டினார். அரிசி மூட்டை தூக்க, கூரை பீமிலேயே ஒரு செயின் பிளாக் மாட்டவேண்டும் என்றார். அது ஆங்கில ‘சி’ எழுத்து மாதிரி ஒரு பக்கம் திறந்த பீம். கம்ப்யூட்டரில் அதன் மாதிரியைச் செய்து பார்த்தேன். மூட்டை ஏறினால் முறுக்கிக்கொள்ளும் என்று வந்தது.

அண்ணனை வரவழைத்துத் திரையைக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்று நாங்கள் கோணலை நூறு மடங்கு பெரிதாக்கித்தான் படம் போடுவோம். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், பிழிந்த துணி மாதிரி கிடந்த பீமைப் பார்த்துவிட்டு அவர் ஸ்டோருக்குப் போன் அடித்துவிட்டார்: “அலமாக்! எல்லாரும் வெளிய வாங்க, கூரை போயிருச்சு!”

வெளியில் ஒரு புள்ளி

கான்ட்ராக்டர் மணியம் அங்கிள் அப்படிப் பயப்படுகிற ஆள் இல்லை. பீமின் கீழ்ப்பட்டையில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிடுவதுதான் அவர் வழக்கம். ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி, சி வடிவத்தில் மடித்துக் காட்டினேன். இந்த பீமில் முறுக்காமல் சுமை இறங்கும் புள்ளி பீமின் உடம்பிலேயே இல்லை, முதுகுக்குப் பின்னால் வெறும் வெளியில் இருக்கிறது. முதுகிலிருந்து ஒரு தாங்கியை நீட்டி, அதில்தான் மாட்டவேண்டும் என்றேன். அங்கிள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பீம் இங்க இருக்கு, நீ காத்துல தொங்கவிடச் சொல்ற. உங்களோட பெரிய ரோதனை லா!”

என் நாற்காலி

எங்கள் பாஸ் தேவராஜா வழக்கமான மென்பொருளில் கணக்குப் போட்டார். அதற்கு பீம் என்றால் வெறும் கோடு. தகடு முறுக்கும்போது முனை தட்டையாக நிற்காமல் நெளியும் என்பதே அதற்குத் தெரியாது. அது ‘ஓகே’ என்றது. நானோ தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, வாரக்கணக்கில் இழைத்து இழைத்து அந்த மாதிரியைச் செய்திருந்தேன். ஆகாது என்றேன். சரி, பண்டார் தெங்காராவில் இருக்கும் எங்கள் யார்டில் நிஜமாகவே ஏற்றிப் பார்ப்போம் என்று முடிவானது. கூடவே பாஸ் ஒரு வெடியும் வைத்தார்: “பீம் திரும்பலைன்னா மணியம் சொல்ற மாதிரிதான். நீயும் கம்ப்யூட்டர விட்டுட்டு கொட்டேஷன் பக்கம் போயிரு, மாலினி.”

மூட்டை ஏறியது

வேலு அண்ணன் தன் அரிசி மூட்டைகளையே அனுப்பினார். முதலில் அங்கிள் வழக்கப்படி கீழ்ப்பட்டையில் கிளாம்ப் போட்டார். மூட்டை ஏற்றுவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லிவைத்தேன்: பீம் திறந்த பக்கமாகச் சாயும், முனையில் ஸ்கேல் வைத்தால் ஒட்டாது. முதல் மூட்டைகளுக்கு அது அசையவே இல்லை. அங்கிள் என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் இரண்டு மூட்டை ஏறியதும், பீம் மெதுவாகத் திறந்த பக்கம் சாய்ந்தது. முனையில் ஸ்கேலை வைத்தேன். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அந்த மெல்லிய இடைவெளியைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை, பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

மூட்டைகளை இறக்கி, முதுகில் தாங்கியை மாட்டி, அதே மூட்டைகளைத் தொங்கவிட்டோம். பீம் கொஞ்சம் தொய்ந்தது, ஆனால் திரும்பவில்லை. பாஸ் குனிந்து, என் கையிலிருந்த ஸ்கேலை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: “மணியம், அவ சொல்ற இடத்துல மாட்டுங்க. இனிமே இந்த மாதிரி பீம் எது வந்தாலும் மாலினி பார்த்த பிறகுதான் சைட்டுக்குப் போகணும்.”

செய்த பொருள் கோணிப்போனதற்காக ஊழியரைத் தட்டிக்கொடுக்கும் தொழில், எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான்.