ஞானம்மா போட்ட அஸ்திவாரம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் கம்பெனியில் டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்குவது ஞானம்மாவின் வேலை. கணவர் இல்லை. மகன் பென்னியின் கல்யாணத்துக்குள் தகரக் கூரையிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று, பக்கத்தில் மேட்டிலிருந்த தன் மனையில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலிருந்து வந்ததும் அதன்மேல் ஏறி, இது கூடம், இது அடுப்பங்கரை என்று நடந்து பார்ப்பாள்.

அந்த வருட ஐப்பசி மழையில் ஏரித்தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. பள்ளிக்கூடச் சுவர் இடிந்தது. லீவு நாளானதால் பிள்ளைகள் தப்பித்தார்கள். பள்ளமான அந்த இடத்தில் மறுபடி கட்டக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட, பிள்ளைகள் லாரி ஓடும் பெரிய ரோட்டைத் தாண்டி அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போனார்கள்.

நாமே கட்டிவிடுவோம் என்று ஊர் கூடியது. மேட்டில் எந்த இடம் என்பதில்தான் சிக்கல். அம்மன் கோயில் பக்கம் என்றால் சர்ச்சுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சர்ச் பக்கம் என்றால் மற்றவர்கள். பேச்சு முற்றி கைகலப்பாகும் நேரத்தில் ஞானம்மா எழுந்தாள்.

"என் மனையில அஸ்திவாரம் கெடக்குது. அதும்மேல கட்டிக்கோங்க."

ஊர்ப் பெரியவர்களில் ஒருவரான ஏழுமலை, "யோசிச்சுதான் சொல்றியாம்மா?" என்று கேட்டார்.

"யோசிச்சா சொல்லமாட்டேண்ணா."

வீட்டில் பென்னி கத்தினான். "இன்னாம்மா நென்ச்சிக்கினு கீற? எனக்கு ஊடு வேணாமா?"

"நீ வாடகைக்குப் போவலாம்டா. அந்தப் பசங்க லாரிக்கு நடுவுல பூந்து போவுதுங்க."

மறுநாளே அவன் நண்பன் அறைக்குப் போய்விட்டான்.

மனையைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் ஞானம்மாவுக்குத் தான் செய்தது உறைத்தது. சொன்ன வாயைத் தானே திட்டிக்கொண்டாள். ஆனாலும் வேலை தொடங்கியதும் ஷிப்ட் முடிந்து கலவை சுமந்தாள். ஏழுமலை அத்திப்பட்டிலிருந்து, அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் ஏற்றி வந்தார். கூடமும் அடுப்பங்கரையும் சேர்ந்து ஒரே வகுப்பறையாயிற்று.

கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று பென்னி வந்தான். யாரிடமும் பேசாமல் சாயங்காலம் வரை கலவைப் பாண்டு தூக்கினான். அம்மா கொண்டுவந்த சோற்றைத் தொடாமலே கிளம்பினான். அவள் தடுக்கவில்லை. கல்யாணம் முடிந்து இப்போது கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் இருக்கிறான், பண்டிகைக்கு வருவான்.

திறப்பு விழாவுக்கு ஞானம்மா போகவில்லை. அடுத்த வாரம் வேலைக்குக் கிளம்பி பள்ளி வாசலோடு போனவளை டீச்சர் காயத்ரி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். தரையெல்லாம் பிள்ளைகள். ஞானம்மா சுற்றிப் பார்த்தாள்.

"நம்ம அடுப்பங்கரை இவ்ளோ பெருசா!"

பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். கம்பெனி பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.