சங்கு ஊதினால் சாப்பாடு

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்களோடு தங்கிச் சமைத்த அந்தம்மா காடாம்புலியூர்க்காரர். நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பார். வீட்டு ஆண்பிள்ளை சாப்பிடாமல் அவருக்குச் சோறு இறங்காது. என் கணவருக்கோ மைன்ஸில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அவர் வரும்வரை பட்டினி கிடந்து, அந்தம்மா ஒருநாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார்.

“மைன்ஸ்ல மதியச் சங்கு ஊதினா, யார் சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் நீங்க தட்டு போட்டு உட்காரணும்,” என்று கண்டிப்பாகச் சொன்னேன். தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு கணவரின் மேலதிகாரி விருந்துக்கு வந்தார். நான் வடைச் சட்டியை விட்டு நகர முடியாத நேரம். சாம்பார் வாளியோடு கூடத்துக்குப் போன அந்தம்மா, சங்கு ஊதியதும் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தார்.

“என்னம்மா இது? அங்க வெறுஞ்சோத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.”

“சங்கு ஊதிட்சிங்களே. நீங்கதான சொன்னீங்க,” என்று கீரையைப் பிசைந்தார்.

குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்தறியாத என் கணவர், வேறு வழியின்றி வாளியைத் தூக்கினார்.

நிதானமாகச் சாப்பிட்டுக் கைகழுவிய அந்தம்மா, கூடத்தை எட்டிப் பார்த்தார். “சாருக்கு நல்லா பரிமாற வருதுங்களே. இத்தினி நாளா சொல்லவே இல்ல.”

வெகுளியாகச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. என் கணவர் மட்டும் அதன்பின் யாரையானாலும் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் அழைத்தார்.