கடலின் மேல் போட்ட பழி

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் டோமினிக்குக்கு டிரம்ஸும் வாசிக்கத் தெரியும். அற்புதராஜ் கிட்டார், அவன் தம்பி இருதயராஜ் பாட்டு, இவன் டிரம்ஸ். மூவரும் சேர்ந்து 'விடிவெள்ளி' என்றொரு குழு வைத்திருந்தார்கள். மாதா கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டு வாசித்தால் கூட்டம் ஆடும். துள்ளலாகச் சொந்தப் பாட்டை எடுத்தால் போண்டாக் கடைப் பக்கம் எழுந்து போகும். ரசனை கெட்ட சனம், வேறென்ன சொல்ல.

அந்தச் சொந்தப் பாட்டுகளை எல்லாம் கேசட்டில் பதிந்து டோமினிக் வீட்டில்தான் வைத்திருந்தார்கள். அவற்றில் ஆகச் சிறந்தது 'ரயில் வராத ஊரு'. பெண் பார்க்க வருகிறவன் ரயிலில்தான் வர வேண்டும் என்று அடம்பிடிக்கிற மரக்காணத்துப் பெண்ணைப் பற்றிய பாட்டு. இருதயராஜ் அதைப் பாடினால் கோயில் மணியடிக்கிறவர்கூடத் தாளம் போடுவார்.

2004 ஏப்ரலில் மகள் ஜெனிஷாவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசையில் அவள்தான் பைபிள் வாசகம் வாசிக்கிறாள். அதைப் பதிந்து வைக்க டோமினிக்குக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்கவில்லை, புது கேசட் இல்லை. கைக்கு அகப்பட்டது 'ரயில் வராத ஊரு' கேசட்; பாட்டு அழியாமலிருக்க அதன் முனையிலிருந்த பிளாஸ்டிக் துண்டை அவனே உடைத்து வைத்திருந்தான். அந்த ஓட்டையில் இப்போது காகிதத்தை மடித்துச் செருகி, பாட்டின் மேலேயே மகளின் குரலைப் பதிந்தான். 'இருதயராஜ் இருக்கான், கிட்டார் இருக்குது, திரும்பப் பாடிட்டா போச்சு' என்று நினைத்துக்கொண்டான்.

எட்டே மாதம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் கரைக்குப் போன இருதயராஜைக் கடல் கொண்டுபோனது.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் அற்புதராஜ் வந்து நின்றான்.

"தம்பி பாட்ட ஒரு தடவ கேக்கணும்பா."

டோமினிக் வாயில் பொய் தானாக வந்தது. "அது ஒண்ணு மட்டும் உப்பளத்து ஷெட்டுல இருந்துதுடா. தண்ணி எடுத்துட்டுப் போயிடுச்சு."

அற்புதராஜ் இவன் தோளைத் தட்டி, "உன் உயிர் தப்புச்சே, அது போதும்" என்றான். அந்தத் தட்டல் இரண்டு வருடம் தோளிலேயே இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் குடித்ததைச் சொன்னான், மனைவியைத் திட்டியதைச் சொன்னான், இதை மட்டும் விழுங்கினான்.

2006 டிசம்பரில் மற்ற கேசட்டுகளிலிருந்து பத்து நல்ல பாட்டுகளைப் பொறுக்கி, புதுச்சேரியில் கொடுத்து இருநூறு சிடி போட்டு வந்தான் அற்புதராஜ். தம்பியின் இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசையில் கொடுப்பதற்கு. அட்டையின் பின்னால் ஒரு வரி: 'ரயில் வராத ஊரு என்ற பாட்டையும் கடல் கொண்டுபோயிற்று.'

அச்சில் தன் பொய்யைப் பார்த்தான் டோமினிக். வீட்டுக்கு ஓடி, பெட்டியிலிருந்த கேசட்டை எடுத்து வந்து அற்புதராஜின் டேப்பில் போட்டு, எல்லாவற்றையும் சொன்னான். அவமானத்தில் தலை நிமிரவில்லை.

ஜெனிஷா தடுமாறித் தடுமாறி வாசித்து முடித்தாள். பிறகு ஒரு 'டக்'. மிஞ்சியிருந்த பாட்டின் வால், கிட்டார், கடைசி அடி. அதன் பின் இருதயராஜ் சிரித்துக்கொண்டே, "டோமினிக்கு, இன்னொரு தடவ அடிக்கலாமாடா?" என்றான்.

அற்புதராஜ் அதை மூன்று தரம் திருப்பிப் போட்டுக் கேட்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் டோமினிக்குக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"என் தம்பிய எடுத்தது கடலு. இத எடுத்தது நீ. ரெண்டையும் ஒண்ணா எழுத வச்சிட்டியேடா."

பேனா ஒன்றை எடுத்து நீட்டினான். "இருநூறு அட்டையிலயும் அந்த வரிய நீயே கோடு போட்டு அடி."

டோமினிக் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தான். விரல் வலித்தது, நிறுத்தவில்லை.

நினைவுப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சிடி கொடுக்க அவனையே நிறுத்தினான் அற்புதராஜ். முதலில் வாங்கியவர் இருதயராஜின் மாமியார் இன்னாசிமேரி. அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இங்க என்னாப்பா எழுதி அடிச்சிருக்குது?" என்று கேட்டார்.

டோமினிக் சொன்னான். அடுத்து வந்தவருக்கும் சொன்னான். வரிசை நீளமாக இருந்தது.