நவமியில் பதியாத கார்

கார் விற்பது என்றால் ஆள் வந்து பார்த்து, பேரம் பேசி, கையெழுத்து வைத்துவிட்டுப் போவதுதான் என்று நானும் நினைத்திருந்தேன். ஹனோவரின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கார்க் கடைக்கு வேலைக்குப் போன பிறகுதான், கையெழுத்தெல்லாம் கணக்கில் சேராது என்று தெரிந்தது. வாகனப் பதிவு அலுவலகத்தில் புது நம்பர் தட்டின் மேல் முத்திரை விழவேண்டும். அதுவும் மாதம் முடிவதற்குள் விழவேண்டும். அப்போதுதான் அந்தக் கார் அந்த மாதத்தில் விற்றதாக அர்த்தம். ஒரு நாள் பிந்தினாலும் அது அடுத்த மாதத்துக்குப் போய்விடும். விற்றவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

தட்டுகளைக் கொண்டுபோய் முத்திரை வாங்கி வருவது என் வேலை. மாதத் தொடக்கத்தில் என்னை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு ஒரு கோப்பி போட்டுத் தரக்கூட ஆள் இருக்காது. இருபதாம் திகதி தாண்டட்டும், பிறகு பாருங்கள்! நான் வாசலில் கால் வைத்தவுடன் அத்தனை தலைகளும் என் கையைத்தான் பார்க்கும். எத்தனை தட்டு, யாருடைய தட்டு என்று கேட்டுக் கேட்டே என் பொறுமையைச் சோதிப்பார்கள். கடைசி இரண்டு நாளும் கடை கல்யாண வீட்டு அடுப்படி மாதிரி இருக்கும்.

நான் சொல்லப்போகும் மாதத்தில் எங்களிடம் புதுக் கார் விற்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மன்னாரில் இருந்து வந்த ஒரு அக்கா. முன்பு தளபாடக் கடையில் சோபா விற்றவர். மற்றவன் இங்கேயே பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரன், வாட்டசாட்டமான ஆள், ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாடப் போகிறவன். இருவருக்கும் ஒரு வருட ஒப்பந்தம். இரண்டும் அந்த மாதத்தோடு முடிகிறது. முதலாளி இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்திருக்க முடியும், இந்த மாதம் யாருடைய பதிவு அதிகமோ அவருக்கே இடம் என்று சொல்லிவிட்டார். ஒளிவுமறைவு இல்லாமல் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வகையில் மனிசன் நேர்மையானவர்தான். ஆனாலும் எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா கார் விற்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வருகிறவரை முதலில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார விடமாட்டார். பின் இருக்கையில் ஏற்றிவிட்டு, "இதில உங்கட அம்மா இருப்பாவோ, பிள்ளையள் இருப்பினமோ?" என்று கேட்பார். கிழட்டு ஜெர்மன்காரர் வந்தால் தண்ணீர்ப் போத்தல் பெட்டி ஒன்றைத் தூக்கிக் கொடுத்து, டிக்கியில் வைத்துப் பார்க்கச் சொல்வார். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டால், "இது உங்களுக்குச் சரிவராது" என்று தானே சொல்லிவிட்டு வேறு காரைக் காட்டுவார். ஒருநாள் ஒரு இளம் சோடியைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கடைக்கே அனுப்பிவிட்டார். எங்கள் போட்டிக் கடைக்கு! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அக்கா, உங்களுக்கு விசரோ? உங்கட இடமே தொங்கிக்கொண்டு நிக்குது."

"அவைக்குத் தேவையானது எங்களிட்ட இல்லை பிள்ளை. இல்லாததை எப்பிடி விக்கிறது?"

அந்தச் சோடி அடுத்த கிழமை பெண்ணின் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தது. தகப்பன் அக்காவிடம் கார் வாங்கினார்.

மற்றவனைப் பற்றியும் சும்மா சொல்லக்கூடாது. கெட்டிக்காரன். திங்கள் விடிந்தால் தொலைபேசியில் ஏறி உட்கார்ந்துவிடுவான். குழாய் திருத்துகிறவர்கள், பூக்கடைக்காரர்கள், வயோதிபரைப் பராமரிக்கும் நிறுவனங்கள் என்று ஒருவரையும் விடமாட்டான். அவர்களுடைய நாய்க்குட்டியின் பெயர்கூட அவனுக்குத் தெரியும். மழை கொட்டுகிற நாளில் தன் குடையை வாடிக்கையாளருக்குப் பிடித்துவிட்டு, தான் நனைந்துகொண்டு வருவான். அவனுக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அக்காவும் அவனும் ஒருவருக்கொருவர் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டேதான் போட்டியும் போட்டார்கள். கடைசிக் கிழமையில் மட்டும் பேச்சுக் குறைந்தது.

அந்த மாதத்தின் கடைசி வேலைநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியென்றால் பதிவு அலுவலகம் மதியத்தோடு மூடிவிடும். வியாழன் பின்னேரம் பார்த்தால் இருவரும் சமம். அவன் கையில் மறுநாளுக்கு ஒன்றும் இல்லை. அக்கா கையில் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வாழ்நாளில் முதல் புதுக் கார். பத்திரங்கள் எல்லாம் தயாராக என் மேசையில் கிடந்தன. காலையில் நான் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தால் அக்காவுக்கு இடம். அவ்வளவுதான் விஷயம்.

கடை பூட்டுகிற நேரத்தில் அந்தக் குடும்பத்து மனிசன் தொலைபேசியில் வந்தார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. நாளைக்கு நவமியாம். கோயில் ஐயர் சொன்னவர். திங்கள் போடுவமோ?"

"கார் எடுக்கிறது திங்கள்தானே தம்பி. நாளைக்குப் பதிவு மட்டும்தான்."

"தட்டு ஏறுற நாள்தானே அக்கா காருக்குப் பிறந்தநாள். நவமியில பிறக்க வேண்டாம். மனிசி ஏலாது எண்டு சொல்லிப்போட்டா."

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம், அப்ப திங்களே பதிவம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "அக்கா, நான் சைவக்காரி, நானே சொல்லுறன், நவமியும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. நீங்கள் ஞாயிறு தவறாமல் சேர்ச்சுப் பூசைக்குப் போற ஆள், நீங்கள் இதுக்குத் தலையாட்டுறியளே! உங்கட வேலை நிலவரத்தையாவது ஒருக்காச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அதுகள் பாவம் பாத்து ஓமெண்டும். பிறகு?" அக்கா மேசையை ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "அந்தக் கார் ஓடப்போறது அவற்ற மனிசிதான். போன வருசம் அவுட்டோபான் ரோட்டில அடிபட்டவ. அதுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. ஓடிப்பாக்க வந்த அண்டைக்கும் பின்னுக்கு இருந்து கைபிடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தவ. அவவுக்குத் தூரத்தில வேலை கிடைச்சிருக்கு, கார் இல்லாமல் போக ஏலாது. மனசில பயத்தோட ஏறினா அவ ஓடமாட்டா பிள்ளை. எனக்கு நவமி ஒண்டுமில்லை. அவவுக்கு இருக்கு."

ஆனால் அக்கா சும்மாவும் இருக்கவில்லை. அவருடைய தேவாலயத்தில் வாசகம் வாசிக்கிற ஒரு அண்ணைக்கு அடுத்த கிழமை பதிய வேண்டிய கார் முற்றத்தில் தயாராக நின்றது. வேதக்காரர், நாள் கோள் பார்க்காதவர், காப்புறுதி இலக்கமும் தந்துவிட்டார். அதை நாளைக்கே பதிந்தால் தீர்ந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அக்கா அவருக்கு எடுத்தார். அவரும் சந்தோசமாக ஓம் என்றார். பிறகு, "ஏன் அக்கா திடீரெண்டு அவசரம்?" என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பார்கள். எங்கள் அக்கா, "நாளைக்கு நவமியெண்டு ஒராக்கள் தள்ளிப்போட்டினம் அண்ணை, அதுதான் உங்களைக் கேக்கிறன்" என்று உள்ளதைச் சொன்னார்.



"நாளைக்கு நவமியோ?" என்றார் அண்ணை, குரலைத் தாழ்த்தி. "நாங்கள் உதெல்லாம் பாக்கிறதில்லை. அது உங்களுக்குத் தெரியும்தானே... எண்டாலும் அக்கா, தெரிஞ்சுகொண்டு ஏன் போவான்? திங்கள் போடுங்கோவன்."

நான் கதிரையில் அப்படியே சரிந்துவிட்டேன். அக்காவைப் பார்த்தால், மனிசி சிரிக்கிறார்! முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்கக் குலுங்க. எனக்கும் அடக்க முடியவில்லை. வேலை கைநழுவுகிற வேளையில் இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். கண்ணைத் துடைத்துவிட்டு அக்கா மேசையில் இருந்த தன் பொருட்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளி காலையில் நான் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மற்றவனைக் காணவில்லை. பத்து மணி தாண்டி ஓடிவந்தான், சட்டையெல்லாம் மா. விடியற்காலையில் இருந்தே ஒரு பேக்கரிக்காரியின் பின்வாசலில் நின்றிருக்கிறான். அந்த அம்மாவுக்கு வேலை முடியும்வரை பாண் தட்டுத் தூக்கிக் கொடுத்து, எங்கள் முற்றத்தில் நின்ற சின்ன வேனுக்குக் கையெழுத்தும் காப்புறுதி இலக்கமும் வாங்கிவிட்டான். பத்திரங்களை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கும் என் மனம் தெரியும்.

நான் மெல்ல நடந்தால் போதும், அலுவலகம் மூடிவிடும், கணக்கும் சமமாகவே நின்றுவிடும். அப்படியொரு எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அக்கா என் மேலங்கியை எடுத்துவந்து கையில் தந்தார்.

"கெதியாப் போட்டு வா பிள்ளை. அவனும் பாடுபட்டவன்."

போனேன். வரிசையில் நின்றேன். முத்திரை விழுந்தது. திரும்பி வந்து தட்டுகளை அவனுடைய மேசையில் வைத்தபோது அக்காதான் முதலில் எழுந்துபோய் அவனுக்குக் கை கொடுத்தார். அவன் அவருடைய கையை விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலாளி வந்து அக்காவிடம், மாதக் கணக்கு என்றால் கணக்குத்தான், தன்னால் வேறு ஒன்றும் செய்ய முடியாது என்றார். தனக்கு விளங்குகிறது என்று அக்கா சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் ஒன்றுக்கும் உதவாத விஷயத்துக்கெல்லாம் என் மனிசனோடு சண்டை பிடித்தேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அவர்களுடைய தட்டுக்கு முத்திரை வாங்கி வந்தேன். ராகுகாலம் கழிந்து அந்தக் குடும்பம் வந்து இறங்கியது. மனிசனிடம் ஒரு பையில் தேசிக்காய், மனிசியின் கையில் திருநீற்றுச் சரை. அவர்களுக்குப் பின்னால், ட்ராமில் இருந்து இறங்கி, நல்ல சேலை ஒன்று உடுத்திக்கொண்டு அக்கா நடந்து வருகிறார்! வேலை முடிந்துபோன மனிசி. திங்கள் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தாராம், வந்துவிட்டார். வருவதற்கு முன் எனக்குத் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அந்த வீட்டாருக்கு ஒன்றும் தெரியக்கூடாது, வாயைத் திறந்தால் என்னோடு பேசமாட்டாராம்.

கார்த் திறப்பைக் கொடுப்பது இப்போது மற்றவனின் வேலை. அவன் திறப்போடு முன்னால் வந்தான். அந்த மனிசன் கூச்சத்தோடு, "அக்கா, உங்கட கையாலதான் தாங்கோ. கைராசி" என்றார். என்ன சொல்கிறார் என்று அவன் என்னைக் கேட்டான். சொன்னேன். அவன் இரண்டு கையாலும் திறப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான். சும்மா நிற்கவும் இல்லை. தேசிக்காய் எந்தச் சில்லுக்குக் கீழே வைப்பது என்று கேட்டு, குனிந்து தானே வைத்தான். அன்றைக்குத்தான் அவன்மேல் இருந்த கோபம் எனக்கு முழுதாகப் போனது.

மனிசி ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கார் அசையவில்லை. நெடுநேரம் அசையவில்லை. புருசன் ஏதோ சொல்லப் போக, அக்கா கண்ணால் தடுத்தார்.

"அக்கா, நீங்கள் பக்கத்தில இருங்கோவன்," என்றாள் அவள்.

அக்கா ஏறி, பட்டியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக உட்கார்ந்தார். தேசிக்காய் நசிந்தது. கார் முற்றத்தை ஒருமுறை சுற்றியது, பிறகு இன்னொரு முறை. மூன்றாம் முறை அவளுடைய முகம் வேறு முகமாக இருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். புருசன் பின்னால் ஏறிக்கொண்டார்.

"பயம் இல்லை அக்கா! நான் ஓடுவன். சொல்லுங்கோ, முதல் பயணம் எங்க போவம்? நீங்கள் சொல்லுற இடத்துக்கு."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஆர்பைட்ஸ்அம்டில ஒரு டெர்மின் இருக்கு பிள்ளை. அந்த வாசல்ல இறக்கிவிட்டாக் காணும்."

வேலை போனவர்கள் நேரம் குறித்துப் போய்ப் பதிகிற அலுவலகம் அது.

"அங்க உங்களுக்கு என்ன அலுவல் அக்கா? உங்களுக்கு வேலை இருக்குத்தானே."

நான் வாயைத் திறந்தேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு வேலை போயிட்டுது," என்றார். "தனியப் போகப் பயப்பிடுறா. அவவோட கூடப் போகோணும்."

"ஐயோ பாவம்," என்றாள் அவள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "கவலைப்படாதேங்கோ அக்கா. நல்ல நேரத்திலதானே வெளிக்கிடுறம், அவவுக்கும் நல்லது நடக்கும்."

நிதானமாகச் சிக்னல் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, அவள் பெரிய ரோட்டில் ஏறினாள்.