முத்துப் போட்ட இலை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். கோடை விடுமுறைக்குக் கிளம்பும்போது, பாசி, பெரணி, பூக்கும் செடி என்று வகைக்கு ஒன்றாகப் பாடம் செய்து கொண்டுவரச் சொன்னார் ஆசிரியை.

பெரணி எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் இருந்தது. நாமக்கல் வெயிலில் மேலே புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. பாதிப் படி இறங்கியதும் கல்லிடுக்குகளில் அது மட்டும் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை, ஆனாலும் இலைகள் ஆடின. ஒன்றைப் பறித்து வந்து வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்தேன். தட்டால் மூடி, உள்ளறையில் தங்கையின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை தட்டை எடுத்தேன். இலை சுருண்டிருந்தது. தாளில் அதன் உருவம் பழுப்புப் புள்ளிகளாய் அப்படியே படிந்திருந்தது, யாரோ படுத்து எழுந்துபோன தடம்போல. அன்று காலையேதான் தங்கைக்கு அம்மை கண்டது. முகமெல்லாம் முத்துப் போட்டிருந்தது.

அம்மா இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் வரிசை வரிசையாகச் சின்னக் கொப்புளங்கள்.

“அம்மிணி, என்னத்தடி ஊட்டுக்குள்ள கொண்டாந்த?”

“வித்துத்தூளுங்கம்மா. இந்தச் செடி பூக்காது, காய்க்காது. இந்தத் தூள் ஈரத்துல உழுந்துதான் மொளைக்கும்.”

“பூக்காம காய்க்காம பெருகறது ஒரு செடியா? எடுத்த எடத்துலயே வெச்சுட்டு மன்னிப்புக் கேட்டுட்டு வா. இல்லீனா இனிப் பள்ளிக்கூடம் இல்ல.”

இலையிடம் மன்னிப்பா! கோபத்தில் தாளை, வீட்டுக்குள் குளிக்கும் மூலையில் உதறிவிட்டுக் கிழித்துப் போட்டேன். ஆனால் படிப்பைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. இலையோடு கிணற்றில் இறங்கினேன். அம்மா மேலே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தப்புத்தானுங்க சாமி.”

கிணறு சற்றுத் தாமதித்து, அதையே என்னிடம் திருப்பிச் சொன்னது.

தங்கை பிழைத்தாள், தழும்புகள் தங்கிவிட்டன. நான் பள்ளிக்குத் திரும்பினேன்.

அடுத்த கோடையில் வந்தபோது, குளிக்கும் மூலையின் ஈரச்சுவர் முழுக்கப் பெரணி. யாரும் நடவில்லை. தங்கை ஓர் இலையைத் திருப்பிப் புள்ளிகளைத் தடவினாள். பிறகு தன் கன்னத்தைத் தடவினாள்.

“அக்கா, இதுக்கும் முத்துப் போட்டிருக்குது.”

அம்மா என்னைப் பார்த்தாள். “கெணத்துல இருந்தது ஊட்டுக்கு எப்படி அம்மிணி வந்துச்சு? நீதான் படிச்சவளாச்சே, சொல்லு.”

பதில் எனக்குத் தெரியும். படம் வரைந்து, பாகம் குறித்து, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய பதில் அது. சொன்னால், உள்ளே கொண்டுவந்தவள் நான்தான் என்று ஆகிவிடும். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன்.

அந்த விடுமுறை முழுவதும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டாமலே குளித்தேன்.